பிள்ளைகள் எதை விளையாடுகிறார்கள், ஏன்? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்கோடு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மாக்களும் ஆயாக்களும் (பாட்டிமார்தான்) கேட்பதில் பாதி, படிப்பைப் பற்றி இருக்காது. "இவன் ஏன் டீச்சர் எப்பப் பாரு மண்ணுலயே கெடக்கிறான்", "இவ ஏன் யாரோடயும் சேர மாட்டேங்கறா" என்று விளையாட்டைச் சுற்றியே வரும். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இரண்டு மாவட்டத்துக்கும் பொருந்தும். 2004 வரை ஒன்றாக இருந்தவைதானே.

ஒரே வயிற்றில் பிறந்தது இரண்டும். அண்ணன் தெருவிலேயே கிடக்கிறான், தங்கை திண்ணையை விட்டு இறங்குவதில்லை. இது பிறவிக் குணமா?

கொஞ்சம் பிறவிக் குணம்தான். நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதியர் 1956இல் தொடங்கி, கைக்குழந்தைகளாக இருந்தவர்களை வளர்ந்து ஆளாகும்வரை கவனித்து வந்தார்கள். துறுதுறுப்பு எவ்வளவு, புதிதாக ஒன்றைக் கண்டால் நெருங்குகிறதா விலகுகிறதா, ஒன்றில் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று ஒன்பது குணங்களைப் பிரித்துச் சொன்னார்கள். மெதுவாகப் பழகும் பிள்ளை என்று ஒரு வகையே அவர்கள் கணக்கில் உண்டு. உங்கள் சின்னவள் அந்த வகையாக இருக்கலாம். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாளே என்று எண்ண வேண்டாம். கண்ணாமூச்சியில் யார் எங்கே ஒளிவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், விளையாடியவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

அதோடு நிறுத்திவிடக் கூடாது. அண்ணன் செருப்பு மாட்டினால் "இருட்டறதுக்குள்ள வந்துடு" என்கிறோம். தங்கை எழுந்தாலே "எங்க போற?" என்கிறோம். ஆறேழு வருடம் இதைக் கேட்டு வளர்ந்த பிறகு எது பிறவி, எது பழக்கம் என்று பிரிப்பது லேசில்லை. பிள்ளையின் குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதன் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள் என்பதைத்தான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லப் போகிறேன்.

மூன்று வயதுக்காரி பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து விளையாடுவதில்லை. எட்டு வயதுக்காரன் விளையாடுவதைவிடச் சண்டை போடுவதுதான் அதிகம்.

இரண்டுமே வயதுக்கு உரியவை. அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்பவர் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளை உட்கார்ந்து கவனித்து 1932இல் எழுதினார். தனியாக விளையாடுவது, பிறர் விளையாடுவதைப் பார்ப்பது, பக்கத்தில் இருந்துகொண்டே அவரவர் பாட்டுக்கு விளையாடுவது, பிறகு கலந்து, கடைசியில் கூட்டுச் சேர்ந்து ஆடுவது. அங்கன்வாடி வாசலில் ஒரே மணல் குவியலில் இரண்டு பிள்ளைகள் முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு சிரட்டையில் இட்லி சுட்டுக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். சேரவில்லை என்று நமக்குத் தோன்றும். ஒன்றை அழைத்துக்கொண்டு போய்விட்டால் மற்றதும் எழுந்துவிடும்.

எட்டு வயதுச் சண்டை வேறு ரகம். சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே என்ற உளவியலாளர் சிறுவர்களோடு உட்கார்ந்து கோலி ஆடி, "இந்த விதியை யார் வைத்தது? மாற்றலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விதி பெரியவர்கள் வைத்தது, அதில் கை வைக்கவே கூடாது என்றார்கள் சின்னவர்கள். பத்துப் பதினோரு வயது தாண்டியவர்களோ எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நம் எட்டு வயதுக்காரன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். பாண்டி ஆட்டத்தைக் கவனியுங்கள். "கோட்டை மிதிச்சிட்ட", "மிதிக்கல, பக்கத்துலதான் வெச்சேன்", "எல்லாம் அவுட்டு" என்று பத்து நிமிடம் ஓடும். அந்தப் பத்து நிமிடமும் ஆட்டத்தில் சேர்த்திதான். நாம் போய்ப் பஞ்சாயத்து பண்ணினால் ஆட்டமே கலைந்துவிடும். கல் எடுத்தால் மட்டும் போங்கள்.

பங்குனியில் ஒரு விளையாட்டு, ஆடியில் ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கிறார்களே, ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மாசி, பங்குனியில் நம் பக்கம் எந்த வாசலைப் பார்த்தாலும் புளி. உலுக்கிக் கொண்டுவந்து, காயவைத்து, ஓடு தட்டி, கொட்டை எடுக்கப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். கொட்டையும் விலைக்குப் போகும்தான். இருந்தாலும் பிள்ளைகள் ஒரு கை அள்ளினால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் எல்லார் பையும் கலகலவென்று சத்தம் போடும். ஒற்றையா இரட்டையா, பல்லாங்குழி, தாயம் என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

தாயத்துக்கு முதலில் கொட்டையைத் தயார் செய்ய வேண்டும். சிமெண்டுத் தரையில் ஒரு பக்கத்தை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும்வரை. சூடு ஏற ஏற விரல் பொறுக்காது. அந்தச் சூட்டோடு கொட்டையைப் பக்கத்தில் இருப்பவள் கையில் வைத்து எடுத்தால் அவள் "ஸ்ஸ்" என்று குதிப்பாள். என் வகுப்பில் இதற்காகவே தேய்ப்பவர்கள் உண்டு, தாயம் ஆடும் உத்தேசமே இருக்காது. தேய்த்த கொட்டைகளைக் குலுக்கிப் போட்டால் வெள்ளை எத்தனை மேலே விழுகிறதோ அத்தனை கட்டம் நகரலாம். இந்த ஆட்டம் அவர்களுக்குப் 'பிடித்தது' எப்படி? புளி வந்தது, அதனால் பிடித்தது.

ஆடிக் காற்று வந்தால் பட்டம். மழை பெய்து மண் இளகினால் கூர்க் கம்பியை எறிந்து தரையில் குத்தி நிற்கவைக்கும் ஆட்டம். காய்ந்த மண்ணில் அது நடக்காது. தக்காளி விலை விழுந்து பறித்த கூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகும் நாட்களில், அப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, பிள்ளைகளுக்குத் தக்காளிச் சண்டை. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். பிள்ளைகளைக் குற்றம் சொல்லவும் வாய் வராது.

அடுத்தது தரை. கரடு, பாறை உள்ள ஊரில் ஆடு மேய்ப்பவர்கள் பாறையிலேயே கட்டம் கீறி ஆடுபுலி ஆடுவார்கள். புலி மூன்று, ஆடு பதினைந்து, காய்க்குக் கூழாங்கல் போதும். நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் கொல்லை எல்லாம் மனைகளாகிவிட்டதால் பிளாட் கல்லே ஸ்டம்ப், அங்கே வருடம் முழுக்க கிரிக்கெட்தான். ஓசூர் அடுக்குமாடியில் கீழே கார் நிறுத்துமிடம். பந்து கண்ணாடியில் படக்கூடாது என்பதால் ஓடிப்பிடித்து மட்டும் மிஞ்சுகிறது.

கடைசியில் தலை எண்ணிக்கை. கபடிக்கு அணிக்கு ஏழு பேர். தெருவில் மொத்தமே நான்கு பிள்ளைகள், அதில் இருவர் வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புகிறவர்கள் என்றால் கபடி எங்கிருந்து வரும்? எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருவுக்குப் போகலாம் என்று பெரியவர்கள் சொல்லாமலே போட்டு வைத்திருக்கும் கோடும் இருக்கிறது. பாண்டிக் கோட்டைவிட அதைப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். பள்ளி மைதானத்தில் ஒரே அணியில் ஆடியவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று ஒருநாள் பின்னால் நடந்து பாருங்கள்.

பொம்பளைப் பிள்ளைக்குச் சொப்பு, பையனுக்குப் பந்து என்பது இயற்கைதானே?

முழுக்க அப்படி இல்லை. முழுக்கப் பொய்யும் இல்லை. கருவிலேயே ஆண் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும் ஒரு பிறவிக் குறைபாடு உண்டு. அது உள்ள பெண் குழந்தைகள் வண்டி, கட்டை போன்றவற்றை மற்றப் பெண் குழந்தைகளைவிட அதிகம் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஷெரி பெரன்பாம், மெலிசா ஹைன்ஸ் இருவரும் 1992இல் காட்டினார்கள். ஆக, உடம்புக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் நம் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்குப் பிள்ளைத்தமிழே சாட்சி. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவம் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் கழங்கு அல்லது அம்மானை, நீராடல், ஊசல். ஆண் பிள்ளை பறை கொட்டி, தேர் உருட்டி ஊரெல்லாம் சுற்றலாம். பெண் பிள்ளைக்கு உட்கார்ந்த இடத்தில் காய் வீசவும், ஆற்றுக்குப் போகவும், ஊஞ்சல் ஆடவும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சிற்றில் பருவத்தை இன்னொரு தடவை பாருங்கள். சிறுமிகள் மணலில் வீடு கட்டி வைத்திருப்பார்கள், பையன் வந்து காலால் சிதைப்பான், "எங்கள் சிற்றில் சிதையேலே" என்று அவர்கள் கெஞ்சுவார்கள். என் பள்ளி மணல் குவியலில் வாரம் ஒருமுறையாவது இது நடக்கிறது. ஒரு வித்தியாசம், என் மூன்றாம் வகுப்புப் பெண்கள் கெஞ்சுவதில்லை, துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

நான் கண்டவரை பெண் பிள்ளைகளின் விளையாட்டை முடிவு செய்வது தூரம். வீட்டிலிருந்து குரல் கேட்கும் தூரத்துக்குள் என்ன ஆட முடியுமோ அது. அஞ்சாங்கல், பல்லாங்குழி, பாண்டி எல்லாம் அந்த எல்லைக்குள் அடங்குபவை. இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு ஆடக்கூடியவையும்கூட. வயதுக்கு வந்துவிட்டால் அதுவும் முடிந்தது. ஆறாம் வகுப்புவரை கபடியில் பையன்களையே மடக்கிப் போட்ட பிள்ளை ஒருத்தி, அடுத்த வருடம் ரோட்டில் என்னைப் பார்த்து, "இப்பல்லாம் விளையாடறதில்ல டீச்சர்" என்றாள், ஏதோ நாற்பது வயதுக்காரி மாதிரி. யாரும் தடுக்கவில்லையாம். "அம்மா ஒண்ணும் சொல்லல, நானே விட்டுட்டேன்." இதைத்தான் நாம் இயற்கை என்கிறோம்.

ஆயிரம் ரூபாய்க்கு ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாளில் போட்டுவிட்டு அது வந்த அட்டைப் பெட்டியோடு விளையாடுகிறான். காசு தண்டமா?

தண்டம்தான். ஆனால் பையன் சரியாக இருக்கிறான். சைமன் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயர் 1971இல் ஒன்று சொன்னார்: நகர்த்தவும் சேர்க்கவும் கலைக்கவும் முடிகிற உதிரிப் பொருட்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பிள்ளைகளின் கற்பனை ஓடும். ரிமோட் கார் கார்தான், வேறொன்றாக ஆகாது. பெட்டி அப்படியா?

எங்கள் ஊரில் தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டிகள் சந்தை இல்லாத நாளில் களத்து ஓரம் அடுக்கிக் கிடக்கும். போன வருடம் ஒரு சனிக்கிழமை பார்த்தேன். பன்னிரண்டு பெட்டி, இரண்டிரண்டாக வரிசை, முன்னால் இன்னொன்று தனியாக. அதில் உட்கார்ந்தவன் பழைய சைக்கிள் டயரைத் திருப்பிக்கொண்டிருந்தான். கண்டக்டர் வேப்பிலையைக் கிழித்து டிக்கெட் கொடுத்தான். "பெங்களூரு, பெங்களூரு, ஓசூர் நிக்காது!" ஓசூரில் இறங்க வேண்டிய ஒருத்தி எழுந்து சண்டைக்குப் போனாள். "சில்லறை இல்லன்னா எறங்கு" என்றான். அவளும் நிஜமாகவே இறங்கி நின்று, பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது.

குச்சி குதிரையாவதைப் பற்றி ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி நிறைய யோசித்திருக்கிறார். கண் பார்ப்பது ஒன்று, மனம் பிடித்துக்கொள்வது வேறொன்று என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளை கற்றுக்கொள்ளும் இடம் அது என்பார். சங்கப் பாட்டு ஒன்றிலும் இது உண்டு. தச்சன் செய்த சிறு குதிரை வண்டியில் ஏறிப் போக முடியாவிட்டாலும் கையால் இழுத்தே பிள்ளைகள் இன்பம் அடைவார்கள் என்று வரும். பேட்டரி தேவைப்படவில்லை.

பெரியவர்கள் செய்வதையெல்லாம் அப்படியே செய்து காட்டுகிறார்கள். தடுக்கலாமா?

எதற்குத் தடுக்க வேண்டும்? உங்கள் ஊர் உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதைவிட அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று அறிய இதைவிட நல்ல வழி இல்லை.

தை, மாசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா தொடங்கினால் போதும், ஒருவன் எருதின் கொம்பில் கட்டும் தட்டி மாதிரி தலையில் அட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் பறிக்கத் துரத்துவார்கள். பாரதக் கூத்து நடந்த ஊரில் அடுத்த பதினைந்து நாள் அடுப்புக்கரி மீசைதான். துரியோதனனாக மண்ணில் படுக்க எப்போதும் போட்டி இருக்கும், ஏனென்று எனக்குப் புரிந்ததே இல்லை. அப்பா பெங்களூரில் மேஸ்திரி என்றால் பிள்ளை செங்கல் அடுக்கி, நூல் பிடித்து, சித்தாளைத் திட்டும். திட்டும் வார்த்தை வீட்டுக்கு வந்தால்தான் அப்பாவுக்கே தான் என்ன பேசுகிறோம் என்று தெரிகிறது.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் காட்டை விட்டு இறங்கும். அந்த மாதங்களில் பொழுது சாய்ந்தால் பிள்ளைகள் வெளியே வரக் கூடாது. பகலில் என்ன விளையாடுகிறார்கள் தெரியுமா? யானை விரட்டல். நான்கு பேர் போர்வைக்குள் யானை, மற்றவர்கள் தகரம் தட்டி, "டார்ச் அடி, டார்ச் அடி" என்று கத்துவார்கள். தகடூர், அதாவது நம் தருமபுரியை ஆண்ட அதியமானை ஔவை பாடும்போது, ஊர்ச் சிறுவர்கள் தந்தத்தைக் கழுவ நீர்த்துறையில் படுத்துக்கொடுக்கும் பெரிய யானையைப் போல நீ எங்களுக்கு இனியவன் என்றாள். அதே நிலத்தின் பிள்ளைகள் இன்று யானை ஆடும் ஆட்டம் இப்படி இருக்கிறது.

போனை வாங்கினால் அழுகிறான். மற்ற விளையாட்டு எதுவுமே பிடிக்கவில்லை என்கிறான்.

2020இல் பள்ளிகளை மூடியபோது படிப்புக்கென்று நாம்தான் கையில் கொடுத்தோம், அதை மறக்க வேண்டாம். பப்ஜி அந்தச் செப்டம்பரிலேயே தடை செய்யப்பட்டது, ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில். தடையால் பிள்ளைகள் விளையாடுவது நின்றதா? பெயர் மாறியது, அவ்வளவுதான்.

போனுக்கு இருக்கும் வசதிகளை எண்ணுங்கள். பருவம் வேண்டாம், தரை வேண்டாம், ஏழு பேர் வேண்டாம், இருட்டினாலும் ஆடலாம், பெண் பிள்ளை வீட்டை விட்டு இறங்காமலே ஆடலாம். மேலே சொன்ன எல்லாத் தடையையும் அது ஒரே அடியில் தாண்டிவிடுகிறது. தோற்றாலும் யாரும் கேலி செய்வதில்லை, உடனே அடுத்த ஆட்டம். ஆகவே "போனை வை, போய் விளையாடு" என்றால் அவன் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி, "யாரோட?"

அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் பாதிச் சண்டை இல்லை. ஒரு வீட்டுப் பிள்ளையை மட்டும் தடுத்தால் அவன் தெருவில் தனியாக நிற்பான். தெருவில் நான்கு வீட்டார் பேசி ஐந்திலிருந்து ஆறரைவரை நான்கு போனையும் எடுத்து வைத்துவிட்டால், முதல் இரண்டு நாள் முணுமுணுப்பு, மூன்றாம் நாள் ஏதாவது தொடங்கிவிடும். எங்கள் தெருவில் தொடங்கியது ஏழாங்கல். உடைந்த ஓட்டுச் சில்லு, பழைய துணியைச் சுற்றிய பந்து, செலவு ஒன்றுமில்லை.

அளவு கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்திலிருந்து பதினேழுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பு வியர்க்க ஆட வேண்டும் என்பது 2020இல் சொன்னது. கிட்டப்பார்வை பெருகியதைக் கண்டு தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளிச்சத்தில் இருக்கச் செய்யும் திட்டம் நடக்கிறது. வெயிலில் ஆடினால் கறுத்துப் போவாள் என்று உள்ளே பூட்டும் தாய்மார்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

பணம் கட்டி ஆடும் ஆட்டம் தனி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதைத் தடை செய்து சட்டமே போட்டுவிட்டது. உங்கள் போனில் பணம் அனுப்பும் செயலியின் ரகசிய எண் பிள்ளைக்குத் தெரியும் என்றால் இன்றே மாற்றுங்கள்.

ஓசூர்ப் பக்கம் குடி வந்தோம். தெருவில் பாதி தெலுங்கு, பாதி கன்னடம். எங்கள் பிள்ளை எப்படிச் சேரும்?

ஒரு வாரம் பொறுங்கள். நம் பாண்டிதான் அங்கே கன்னடத்தில் குண்டே பில்லே, தெலுங்கில் தொக்குடு பில்லா. ஏழாங்கல் லகோரி. கில்லி சின்னி தாண்டு. பல்லாங்குழி கன்னட வீட்டில் அளிகுளி மணே, தெலுங்கு வீட்டில் வாமன குண்டலு. கட்டம் ஒன்றுதான், பெயர்தான் வேறு. ஓடுவதற்கும் பிடிப்பதற்கும் மொழி தேவையில்லை. அம்மா அப்பா விளையாட்டுக்குத்தான் பேச்சு வேண்டும், அதற்குள் கன்னடத்தில் "பா, பா" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டிருப்பாள்.

ஆடு மேய்க்க, தண்ணீர் பிடிக்க அனுப்புகிறோம். விளையாட நேரமில்லை என்று டீச்சர் குறை சொல்கிறீர்கள்.

குறை சொல்லவில்லை. 1950களில் பியாட்ரிஸ் வைட்டிங் குழுவினர் ஆறு நாட்டுச் சமூகங்களில் பிள்ளைகளைக் கவனித்தார்கள், வட இந்தியக் கிராமம் ஒன்றும் அதில் உண்டு. வீட்டு வேலை யாருக்கு எவ்வளவு என்பது பிள்ளைகளின் நாளையே மாற்றிவிடுகிறது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. ஆடு மேய்ப்பவன் ஆடுபுலியும் உண்டிவில்லும் ஆடுகிறான், வேலையும் விளையாட்டும் கலந்துதான் போகிறது. அது கெடுதல் இல்லை. பெற்றோர் பெங்களூர், திருப்பூர் என்று போய்விட, ஆயாவுக்குத் துணையாகச் சமையல், தம்பி, கைப்பிள்ளை என்று முழு வீட்டையும் சுமக்கும் எட்டு வயதுக்காரியைத்தான் நான் சொல்கிறேன். அவள் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூடச் சொப்பு விளையாடுவதில்லை. "அதான் வீட்லயே செய்யறனே" என்கிறாள்.

தனியாகவே விளையாடுகிறாள். மருத்துவரிடம் காட்டவா?

தனியாகப் பேசிக்கொண்டு, பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள் என்றால் விட்டுவிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, பாவனை விளையாட்டே இல்லை, பொருட்களை வரிசையாக அடுக்குவதே வேலை, பேச்சும் தாமதம் என்றால் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டுங்கள். முன்பு ஓடியாடிய பிள்ளை இப்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறது என்றால் இரத்தச் சோகையா என்று பாருங்கள். அது குணமில்லை, உடம்பு.

கிணற்றில் குதிக்கிறான், புளியமரம் ஏறுகிறான். பயமாக இருக்கிறது.

உயரம், வேகம், கத்தி, நெருப்பும் நீரும், கட்டிப்புரளுதல், கண்மறைவாகப் போதல் என்று பிள்ளைகள் தேடிப்போகும் ஆறு வகை ஆபத்துகளை நார்வேயின் எல்லன் சாண்ட்சேட்டர் 2007இல் பட்டியலிட்டார். பயமும் சிரிப்பும் சேர்ந்து வருவதுதான் அதில் இழுப்பு. மரம் ஏறட்டும். எந்தக் கிளை முறியும் என்பது ஏறுகிறவனுக்குத்தான் தெரியும், கீழே நின்று "விழுந்துடுவ, விழுந்துடுவ" என்று கத்தாமல் இருந்தால் போதும்.

தண்ணீரில் எனக்குத் தாராளம் கிடையாது. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே இருந்து, இடுப்பில் கேனோ சுரைக்குடுக்கையோ கட்டிக் கற்றுக்கொடுத்தால் கிணறு சரி. கைவிடப்பட்ட கல் குவாரிக் குட்டை எந்த வயதிலும், எத்தனை பேர் சேர்ந்து போனாலும் வேண்டாம். செங்குத்தான பாறை, பிடித்து ஏற இடமே இருக்காது, ஆழமும் தெரியாது.

தாயம் ஆடினால் சூதாட்டப் புத்தி வந்துவிடும் என்று மாமியார் சொல்கிறார்.

கீழடியில் பகடைக்காய் கிடைத்தது, ஆடியவர்கள் எல்லாரும் சூதாடிகளா? காசு வைக்காதவரை அது கணக்குப் பாடம். இதில் வேடிக்கையான ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1962இல் ஜான் ராபர்ட்ஸ், பிரையன் சட்டன்-ஸ்மித் இருவரும் பல சமூகங்களை ஒப்பிட்டு, பிள்ளைகளைக் கீழ்ப்படியச் சொல்லி அழுத்தும் இடத்தில் உத்தி ஆட்டமும், பொறுப்பைச் சுமத்தும் இடத்தில் அதிர்ஷ்ட ஆட்டமும், சாதிக்கச் சொல்லும் இடத்தில் உடல்திறன் ஆட்டமும் பிடிக்கிறது என்றார்கள். எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். ஒரே பிள்ளை காலையில் கபடி, மத்தியானம் தாயம், சாயங்காலம் ஆடுபுலி என்று இருக்கிறதே. ஆனாலும் உங்கள் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

பல்லாங்குழிப் பலகை எங்கே வாங்குவது? எங்கள் ஆயாவுக்கு ஆடத் தெரியும், பலகை இல்லை.

பலகை எதற்கு? வாசல் மண்ணில் ஒரு வரிசைக்கு ஏழு குழி, இரண்டு வரிசை, மொத்தம் 14. பிள்ளையின் முழங்கை ஊன்றித் திருகினால் அளவான குழி விழும். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக 70. சில வீடுகளில் ஆறு போடுவார்கள். நான்கு சேர்ந்தால் பசு, அதை அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். மற்ற விதிகளை ஆயாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதும் பக்கத்து வீட்டு ஆயா சொல்வதும் வேறு வேறாக இருக்கும், இரண்டு பேரையும் ஒரே வாசலில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய் வேலையைப் பாருங்கள்.